ஐஸ்பழம் குடிப்பது பாவமா?

தவக்கால ஞாயிறு ஒன்றில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்த சிறுவன் ஒருவன் என்னை மறித்து, "சுவாமி, ஐஸ்பழம் குடிச்சா பாவமா?" என்று கேட்டான். ஆலய வாசலில் ஐஸ்கிறீம் வண்டியின் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. பாவம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

பெற்றோரே, பிள்ளைகளை அடக்குவதற்குப் பாவத்தைத் துணைக்கு அழையாதீர்கள். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயது நிறைந்தோருக்கே உரியது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோருக்கு உரியது. அதுவும் முக்கியமாக மாமிசத்தைப் பற்றியது. பிள்ளை தானாக விரும்பி இனிப்பை விட்டால் அது அழகிய ஒறுத்தல். நாம் பறித்தெடுத்தால் அது ஒறுத்தலாகாது.

பாவமில்லை என்பதற்காக நாள்தோறும் கொடுக்கலாமா? குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மந்தமாக்கும். ஆகவே ஐஸ்கிறீமில் சீனியைக் கூடுதலாகவே சேர்க்கிறார்கள். உருகியதை ஒரு கரண்டி சுவைத்துப் பாருங்கள், திகட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல், நாம் சேர்க்கும் சீனி நாளாந்த சக்தியில் 10 வீதத்திற்குள் அடங்கவேண்டும் என்கிறது. 5 வீதத்திற்குக் குறைந்தால் இன்னும் நன்று. வளர்ந்தோருக்கு அது ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. காலைத் தேநீரிலேயே அதிற் பாதியை முடித்துவிடும் வீடுகள் நம்மிடையே உண்டு. குருமனைகளும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே ஐஸ்கிறீமைச் சோற்றுக்கு ஈடாகவோ, அழும் பிள்ளையின் வாயை அடைக்கவோ கொடுக்காதீர்கள். சோறு, மரக்கறி, மீன் என்று உண்டபின், எப்போதாவது ஒரு சிறு கிண்ணம் போதும். நீரிழிவு உள்ளோர் வைத்தியரின் சொற்படி நடக்கட்டும்.

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். திருச்சட்டத்தைக் கேட்டு அழுத மக்கள், அன்று புனித நாளாதலால் நல்லுணவும் இனிய பானமும் கொண்டு மகிழுமாறு பணிக்கப்படுகிறார்கள். அத்தோடு, ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்கும் அதிற் பங்கு அனுப்பவேண்டும் என்று சொல்லப்படுகிறது. நம் திருவிழாக்களில் நான் காண்பது வேறு. கொடியிறக்கம் முடிந்ததும் வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஒரு பிள்ளையின் கையில் இரண்டாவது ஐஸ்கிறீம். காசில்லாத பிள்ளையோ தாயின் சேலையைப் பிடித்தபடி சற்றுத் தள்ளி நிற்கிறது. அந்த இரண்டாவது ஐஸ்கிறீம் யாருக்குரியது?

அச்சிறுவனிடம், பாவமில்லை என்றேன். "அப்ப அம்மாவிட்ட நீங்களே சொல்லுங்கோ, சுவாமி" என்றான். இதோ, சொல்லிவிட்டேன்.