பட்டா யார் பேர்ல பாஸ்?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? போனதும் வீட்டு நிலத்தோட பட்டாவை வாங்கிப் பாருங்க.

கிராமத்து நில ஆலோசகர் ஒருத்தரோட பத்து நாள் பைக்ல சுற்றினேன். மண் பரிசோதனை, மாற்றுப் பயிர்னு பேசுவார்னு பார்த்தா, போற வீட்டுலயெல்லாம் மனுஷன் கேட்ட முதல் கேள்வி, ‘பட்டா யார் பேர்ல இருக்கு?’ காலமானவர் பேரிலேயே கிடந்தால், பயிர்க்கடன், சொட்டுநீர் மானியம் எல்லாத்துலயும் சிக்கல். சர்வே நம்பர் தெரிந்தால் தமிழக அரசு இணையதளத்திலேயே பார்த்துடலாம். பரப்பு ஹெக்டேர்ல இருக்கும், 2.47-ஆல் பெருக்கினா ஏக்கர். (நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு அங்கே அவ்வளவுதான் வேலை!)

அன்னிக்கு ராத்திரி எங்க சர்வே நம்பரைத் தட்டினேன். எட்டு வருஷம் முன்னாடி இறந்த தாத்தா பேரு! அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கிறதே இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்கு நான் போறேன், கரும்போட.