சேனைத் தண்ணீரும் முதல் ஒரு மணி நேரமும்

நம் விருதுநகர் பக்கம் வீட்டுப் பிரசவம் என்பது அநேகமாக ஒழிந்தே போய்விட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் 100-க்கு 60 தான் என்கிறது அதே ஆய்வு. டாக்டரும் நர்சும் பக்கத்திலேயே இருந்தும் மீதி 40 பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

பழியைக் கிழவிகள் மேல் போடுவது வழக்கம். நல்ல குணமுள்ளவர் கையால் சேனை தொட்டு வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய வீடுகளும் உண்டு. நோயை எதிர்க்கும் சத்து அதில்தான் அதிகம். இந்தப் பழக்கங்களை விடத்தான் வேண்டும்.

ஆனால் பெரிய தடை ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவம் சிசேரியன். ஆபரேஷன் என்றால் தாய் ஓர் அறையில், பிள்ளை ஓர் அறையில். துடைத்து, எடை போட்டு, சொந்தக்காரர்களிடம் காட்டி முடிப்பதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். பிள்ளை அழும்; புட்டிப்பால் வந்துவிடும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய்க்கு நினைவு இருக்கும். இருவரும் நலமாக இருந்தால், நர்ஸ் ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சீக்கிரமே பால் குடிக்க வைக்கலாம். அதற்கு ஆள் வேண்டும்.

"பால் ஊறலை" என்று முதல் நாளே முடிவு கட்டுவது இன்னொரு கோளாறு. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். முதல் நாளில் அதற்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவதே ஒரு டீஸ்பூன் அளவுதான்.

சிவகாசிப் பக்கம் இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையும்கூட. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் எண்ணிக்கைக் கூலி வாங்கும் பெண்கள் பலருக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்பது ஏட்டளவில்தான். சீக்கிரமே வேலைக்குத் திரும்ப வேண்டியவள் அவள். ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை புட்டிக்குப் பழகிவிட்டால் பாலும் வற்றிப்போகும், கூலியில் ஒரு பங்கு பவுடர் டப்பாவுக்கும் போகும். ஆஸ்பத்திரி வழியாகப் பால் பவுடரைப் பரப்பக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தாயிற்று.

ஒவ்வொரு பிரசவ வார்டிலும் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு நர்சை அரசு போட வேண்டும். வெளியே காத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் "ஆணா, பெண்ணா?" என்று கேட்கிற வாயால், "பால் கொடுத்தாச்சா?" என்றும் கேட்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, அந்தக் கேள்வியை விடவே கூடாது.