காக்காய்க்கு எந்தக் கொழுப்பு நல்லது?

நம் ஊரில் 'கொழுப்பு' என்றால் அது திட்டு. 'உனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு' என்று சொல்லிப் பாருங்கள். எவரும் டாக்டரிடம் போக மாட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குத்தான் வருவார்.

லண்டனில் அப்படியில்லை. குளிர்காலம் வந்தால் குருவிக்குக் கொழுப்பு ஏற்றுவது அங்கே புண்ணிய காரியம். மாட்டுக் கொழுப்பை உருக்கி, தானியம் கலந்து, உருண்டை பிடித்துத் தோட்டத்தில் தொங்க விடுகிறார்கள். டிசம்பரில் அங்கே ராத்திரி 16 மணி நேரம். கையளவுகூட இல்லாத குருவி, விடியும் வரை விறைக்காமல் தாக்குப் பிடிக்க வேண்டாமா? ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9. கணக்கு சரிதான்.

இதை வீடியோவில் பார்த்துவிட்டு நம்மவர்களும் வனஸ்பதி டப்பாவைத் திறக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வில்லங்கம்!

பழையசீவரத்தில் ஒரு மாமரத்தில் அந்த உருண்டையைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழி விடிகாலையில் கட்டி. பத்து மணி வெயிலில் தண்ணி. நெய் இன்னும் கொஞ்சம் தாங்கும். வனஸ்பதி ஏறக்குறைய நம் உடம்புச் சூடு வரை நிற்கும். சித்திரை வெயிலில் பாலாற்று மணல் கொதிக்கும்போது? எல்லாரும் அவுட்!

'உருகினா உருகட்டுமே, நக்கிட்டுப் போகுது' என்பீர்கள். பறவைக்கு வால் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதில் அலகைத் தொட்டு, இறகை ஒவ்வொன்றாக நீவிக்கொள்ளும். நம் பிசுக்கு அதன்மேல் ஒட்டினால் இறகு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மழையும் உள்ளே போகும், பனியும் உள்ளே போகும். நாம் துணிக்குப் போடுகிற மாதிரி சோப்பா போட முடியும்?

வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய், குழம்பில் மிதந்த கொழுப்பு இவையும் வேண்டாம். அதில் உப்பு இருக்கும். சின்ன உடம்புக்கு அது விஷம். 1889-ல் தொடங்கிய பிரிட்டிஷ் பறவைப் பாதுகாப்புச் சங்கமே, சமைத்து மிஞ்சிய கொழுப்பையும் இளகலான மார்ஜரினையும் வைக்காதீர்கள் என்கிறது. உருண்டையை நைலான் வலையில் தொங்க விடாதீர்கள், கால் சிக்கும் என்றும் சொல்கிறது.

அப்போ எந்தக் கொழுப்புதான் நல்லது?

உருக்காத கொழுப்பு! வேர்க்கடலை, எள், சூரியகாந்தி விதை இவற்றில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். எந்த வெயிலுக்கும் ஒழுகாமல் ஆண்டவனே பேக்கிங் செய்து வைத்திருக்கிறான். பச்சை வேர்க்கடலையை உப்பில்லாமல் உடைத்து ஒரு கைப்பிடி வையுங்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் 'காக்காதானே' என்று தள்ளிவிடாதீர்கள். அந்த விஷம் அதன் ஈரலையும் விடாது. பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினம் கழுவி ஊற்றுங்கள். நம் கோடைக்குக் கொழுப்பைவிட அதுதான் உயிர்.

எதற்கு எந்த எண்ணெய் என்று பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதுசா என்ன? ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில், 15 படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரியும் அதன் மருந்துப் பட்டியலும் இருக்கின்றன. தைலம் தனி, நெய் மருந்து தனி, பழைய நெய் தனி! 11-ம் நூற்றாண்டிலேயே அவ்வளவு பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுகிறார். சாமி வேட்டைக்கு வரும் அதே நாளில், வீட்டுப் பெண்கள் மஞ்சள் இலையில் கனுப்பிடி வைத்து, அண்ணன் தம்பி நல்லா இருக்கணும் என்று காக்கா குருவியைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டு வந்த விருந்தாளி ஜுரத்தோடு திரும்பலாமா? கனுச் சோற்றை ஆற வைத்து, உப்பில்லாமல், சர்க்கரைப் பொங்கலில் நெய்யைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

மிச்ச நெய்யை என்ன செய்வது என்கிறீர்களா? அதற்குத்தான் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்களே. அவர்களுக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடினால் ஊரே சொல்லிவிடும்!