மாடோட்டிகளின் பாட்டு

பழைய கௌபாய் கதைகள் என்ற அளவில், துப்பாக்கியும் குதிரையுமன்றி அவற்றில் வேறு யாதுளது என்று இகழ்வார் பலர். ‘இலக்கியம் பயிலும் உனக்கு இவற்றால் ஆவதென்ன?’ என விடுதித் தோழரும் என்னை வினவுவதுண்டு. அவர்க்கு யான் இறுக்கும் விடை, ‘ராஹைட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டேயாம்.

என் இளமையில், விடுமுறைதோறும் தாத்தாவின் அருகமர்ந்து, அவர் அரிதிற் சேர்த்து வைத்திருந்த குறுந்தகடுகளில் அக்கறுப்பு வெள்ளைக் காட்சிகளைக் கண்டு களித்தேன். ஆங்கிலம் செவ்வனே விளங்காத பருவம் அது. ஆயினும், சாட்டையின் ஒலியோடு பிராங்கி லேன் குரலெடுத்த மாத்திரத்தில் இருவேமும் தொடையில் தாளமிடத் தொடங்குவோம்.

இத்தொடர் 1959 ஜனவரி முதல் 1965 டிசம்பர் வரை சி.பி.எஸ். நிலையத்தாரால் ஒளிபரப்பப்பெற்றது, 217 பகுதிகளை உடையது. 1860-களில் டெக்சஸ் நாட்டினின்றும் மிசூரியிலுள்ள செடாலியாவை நோக்கிப் பெரு மந்தையை ஓட்டிச் செல்வாரின் கதை இது. தலைவனாக எரிக் பிளெமிங்கும், துடிப்புமிக்க இளைஞனாகக் கிளிண்ட் ஈஸ்ட்வுட்டும் நடித்தனர்.

முகப்புப் பாட்டை ஊன்றிக் கேட்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். அதன்கண் துப்பாக்கி இல்லை. பகைவனை வென்ற பெருமிதமும் இல்லை. மழையிலும் காற்றிலும் ஓயாத உழைப்பும், நல்லுணவின்மையும், வழியின் முடிவில் காத்திருக்கும் காதலியின் நினைவுமே உள. உழைப்பாளியின் உள்ளமே அப்பாட்டு.

அதனை ஆக்கினார் யாவர்? சொல் அமைத்தவர் நெட் வாஷிங்டன். இசை அமைத்த திமித்ரி தியோம்கின், இந்நாளில் உக்ரைன் நாட்டதாகிய கிரெமன்சுக் நகரில் 1894-இல் பிறந்து, பீட்டர்ஸ்பர்க்கில் இசை பயின்று, 1925-இல் அமெரிக்கா புகுந்தவர். பாடிய லேனோ, சிசிலித் தீவினின்று குடியேறிய பெற்றோர்க்குச் சிக்காகோவில் பிறந்தவர். அமெரிக்கர் தமக்கே உரியதெனப் போற்றும் பாட்டு, குடியேறினார் கைப்பட்டு உருவாயிற்று!

நிற்க. இத்தொடரிடத்துக் குறையும் உண்டு. அன்பு காரணமாக அதனை மறைத்தல் நேர்மையன்று. மெய்யான மாடோட்டிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பர் என வரலாற்றறிஞர் கணிப்பர். மெக்சிகரும் மிகப் பலர். ஆனால், ரேமண்ட் செயின்ட் ஜாக்ஸ் என்னும் கறுப்பர் ஒருவர் இத்தொடரில் நிலையான மாடோட்டியாக இடம்பெற்றது 1965-இல், இறுதிப் பருவத்திலேதான். சில திங்களில் தொடரும் முடிந்தது.

ஆதலின், பாட்டு தொடரினும் உயர்ந்தது என்பதே என் கருத்து. பாட்டில் வரும் உழைப்பாளிக்கு நிறமில்லை. வெயிலும் பசியும் ஏக்கமும் எவர்க்கும் ஒன்றே. கதை கூறத் தயங்கியதைப் பாட்டு முதல் நாளிலேயே கூறிவிட்டது. விரும்பிய ஒன்றின் குறையை அறிந்தபின்னும் அதனை விரும்புதல் இழுக்கன்று. அறிய மறுத்தலே இழுக்காம். இன்றும் அச்சாட்டையொலி கேட்பின் என் கை தானே தாளமிடும். தாத்தா இன்றில்லை, தாளம் மட்டும் எஞ்சியுளது.