மண்ணுக்கடியில் கரி, மண்ணுக்கு மேலே நாம்



எந்த நாட்டின் நிலத்தடியில் எவ்வளவு நிலக்கரி கிடக்கிறது என்ற பட்டியல் நாளேட்டில் வந்தால் நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அமெரிக்கா, ரஷ்யா, ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா என்று நீளும் அந்தப் பட்டியலுக்கும் கிள்ளானில் வாடகை வீட்டில் வாழும் குடும்பத்திற்கும் என்ன தொடர்பு? உங்கள் கரண்டு பில்லிலும் தொடர்பு உண்டு, உங்கள் வேலையிலும் உண்டு.

முதலில் நம் சிலாங்கூர் கதை. ராவாங் அருகே பத்து ஆராங்கில் 1915-இல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் நிலக்கரி வெட்டத் தொடங்கியது. ரயிலும், பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்துப் பங்சார் மின் நிலையமும் அந்தக் கரியில் ஓடின. சீனர்களே அங்கு அதிகம்; தமிழரும் மலாய்க்காரரும் உடன் உழைத்தனர். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்தனர். காலனி அரசு போலீசை அனுப்பி அடக்கியது.

1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. கரி தீர்ந்ததால் அல்ல. எண்ணெய் வந்தது, ரயில் டீசலுக்கு மாறியது, கரியை வாங்க ஆளில்லை. கரி மண்ணுக்குள்ளேயே இருந்தது, வேலைதான் போனது.

இன்றும் மலேசியாவின் நிலக்கரியில் பெரும்பகுதி சரவாக்கில் இருக்கிறது. ஆனால் கிள்ளான் மாவட்டத்தின் காப்பார் மின் நிலையம் எரிப்பது கப்பலில் வரும் கரி. 2022 ஜனவரியில் இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்தது. அதே ஆண்டில் உலகச் சந்தையில் ஒரு டன் 400 அமெரிக்க டாலரையும் தாண்டியது. எரிபொருள் விலை ஏறினால் அந்தச் சுமை மின் கட்டணத்தில் அல்லது அரசு மானியத்தில் வந்து விழுகிறது. இரண்டும் மக்கள் பணமே.

சட்டம் என்ன சொல்கிறது? 1965 தேசிய நிலச் சட்டப்படி தீபகற்பத்தில் அரசு நிலத்தின் கனிமம் மாநில அரசுக்குரியது. அதை வெட்டிய தொழிலாளிக்கு அதில் பங்கில்லை. தோட்டத்தில் மரம் சீவிய நமக்கும் இதே கதைதான். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானது. மூன்று தலைமுறை உழைத்தவன் வீட்டைக் காலி செய்தான்.

2044-க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடுவோம் என்று அரசு அறிவித்துள்ளது. புகையும் சாம்பலும் குறைந்தால் காப்பார் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் அங்கே துப்புரவு, காவல், லோரி, பராமரிப்பு வேலைகளைக் குத்தகையாளரிடம் செய்பவர்களின் கதி என்ன? 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருந்தால், "தவணை முடிந்துவிட்டது" என்று கைவிரிக்க முதலாளிக்கு வழி கிடைக்கிறது.

ஆகவே இன்றே செய்யுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இ.பி.எப்., சொக்சோ பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். முறையற்ற பணிநீக்கம் என்றால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுங்கள். நாள் தவறினால் வழக்கே இல்லை. தொழிற்சங்கத்தில் சேருங்கள்.

காப்பார் மூடப்படும் நாளுக்கு முன்பே மறுபயிற்சியும் இழப்பீடும் எழுத்தில் வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைக் கேளுங்கள். பத்து ஆராங்கில் கேட்க ஆளில்லாமல் போனது. காப்பாரில் அப்படி நடக்க விடலாமா?