அவள் வாயை எப்படி வரைவது?



கார்ட்டூன் பழகிவரும் கல்லூரி மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஆண் முகம் சரியாக வந்துவிடுகிறதாம். பெண் முகத்தில் உதடு வரைந்த உடனே எல்லாம் கெட்டுப்போகிறதாம். பத்து வயதுச் சிறுமிக்கு முப்பது வயது ஆகிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். கூடவே சில படங்களையும் இணைத்திருக்கிறார். கை அழகாக ஓடுகிறது. வரையத் தெரியாததால் வந்த சிக்கல் இல்லை இது. அதனால்தான் அவருக்கு மட்டும் எழுதாமல், எல்லோரும் படிக்கும் இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறேன்.

முதலில் தொழில் விஷயம். கண்ணாடியில் உங்கள் வாயைப் பாருங்கள். உதட்டைச் சுற்றிக் கோடு எதுவும் கிடையாது. நிறம்தான் கொஞ்சம் மாறுகிறது. வெளிச்சம் மேலிருந்து விழுவதால் மேலுதடு நிழலில் இருக்கும், கீழுதடு மின்னும், அதற்கு அடியில் சின்னதாக ஒரு நிழல் தங்கும். பேனாவால் வரைகிறவர் இதைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு உதடும் சேருகிற இடத்தில் ஒரு கோடு, நடுவில் சற்று அழுத்தி, ஓரம் போகப் போக மெலிதாக. கீழுதட்டுக்கு அடியில் ஒரு சிறு தீற்றல். உதடு வந்துவிட்டது. விளிம்பு முழுக்கக் கோடு இழுத்து உள்ளே மை நிரப்பினால் முகத்தில் ஏறுவது உதட்டுச்சாயம். சிறுமி பெரியவளாகிவிடுவது அதனால்தான்.

ஓவியர் மாருதி போன்றவர்கள் வண்ணத்தில் தீட்டிய கதை ஓவியங்களை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே கன்னத்திலும் மூக்கிலும் ஒளியும் நிழலும் படிந்திருக்கும், உதடும் அந்த முகத்தோடு ஒட்டி நிற்கும். கார்ட்டூன் முகத்தில் மூக்கு ஒரு வளைவு, கண் இரண்டு புள்ளி. மற்றதெல்லாம் சுருங்கிக் கிடக்க, உதட்டை மட்டும் சாயம் பூசி வரைந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்படியும் ஏன் எல்லோர் கையும் அங்கே போகிறது? பழக்கம் பழையது. அமெரிக்காவில் 1930இல் ஃபிளைஷர் கார்ட்டூன் படக்கூடத்தில் பெட்டி பூப் என்ற பாத்திரம் பிறந்தாள். வரைந்தவர் கிரிம் நாட்விக். முதல் படத்தில் அவளுக்கு நாயின் தொங்கு காதுகள் இருந்தன. பிறகு காதுகள் காதணிகளாகி, அவள் முழுப் பெண்ணானாள். அந்த நாளைய சினிமா நடிகைகள் உதட்டின் ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் மட்டும் குறுக்கிச் சாயம் பூசிக்கொண்டார்கள். பெட்டியின் குட்டி வாய் அந்த ஒப்பனையைப் பார்த்து வந்தது. நாட்விக் பிறகு டிஸ்னிக்குப் போய், 1937இல் வெளியான ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் நாயகியை வரைந்தவர்களில் ஒருவரானார். அந்தப் படத்தில் அவளுக்குச் சிவந்த உதடு.

எனக்கு மிகவும் உறுத்துகிற உதாரணம் ஒரு வீடியோ கேம். 1980இல் ஜப்பானில் வந்த பாக்-மேன் வெறும் மஞ்சள் வட்டம், அதில் ஒரு வாய். 1982இல் அமெரிக்காவில் மிஸ் பாக்-மேன் வந்தாள். அதே வட்டம், அதே வாய். தலையில் சிவப்பு ரிப்பன், உதட்டில் சிவப்பு, ஒரு மச்சம். இவ்வளவு சேர்த்ததும் பெண்ணாம்! எதுவும் சேர்க்காத வட்டத்தை ஆண் என்று நம் கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது. பெண் என்று காட்ட மட்டும் சேர்மானம் வேண்டியிருக்கிறது. ஆணுக்கும் இரண்டு உதடு உண்டுதானே?

ஆண் முகத்திலும் உதட்டை வரைந்திருக்கிறார்கள். எங்கே தெரியுமா? 1930, 40களின் கார்ட்டூன்களில், கறுப்பின மக்களைக் கேலி செய்ய. எர்ஜேயின் ‘டின்டின் காங்கோவில்’ கதையிலும், வில் ஐஸ்னரின் ‘ஸ்பிரிட்’ தொடரில் வரும் எபனி ஒயிட் என்ற பாத்திரத்திலும் தடித்த உதடுகள்தான் முகமே. ஐஸ்னரும் எர்ஜேவும் கோட்டில் பெரிய மேதைகள். அவர்களை வியந்து படித்தவன் நான். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது மனசு கசக்கிறது. வயிறு, வழுக்கை, மீசை என்று கேலிச்சித்திரம் எதையும் பெரிதாக்கலாம். ஒரு இனத்தையே ஒரே வாயாகச் சுருக்குவது கொடுமை.

மாணவிக்கு நான் காட்ட விரும்பும் பாடம், சார்லஸ் ஷுல்ஸின் ‘பீநட்ஸ்’ தொடரில் 1952இல் வந்த லூசி. உதட்டுச்சாயம் இல்லை. கறுப்புத் தலைமுடி, கவுன், முகத்தில் ஒரு கோடு. கோபம் வந்தால் அந்தக் கோடு திறந்து பாதி முகத்தை விழுங்கும் கரிய பள்ளமாகிவிடும். எதிரே நிற்கும் சிறுவன் சார்லி பிரவுன் நிலைகுலைந்து விழுவான். அந்த வாயைச் சாயத்துக்குள் அடைத்திருந்தால் இப்படித் திறந்திருக்குமா? சாயம் பூசிய வாய் அழகாக இருக்க வேண்டும் என்று வரைகிறவரே பயப்படுவார். அதனால்தான் நம் பத்திரிகைத் துணுக்குகளில் மாமியார் கத்துவார், கணவர் அலறுவார். இளம்பெண் மட்டும் எந்தச் சூழலிலும் ஒரே மாதிரி இதழ் குவித்து நிற்பாள். எங்கள் பக்கங்களிலும் இது நடக்கிறது. இனி வேண்டாம் என்று எங்கள் ஓவியர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோம்.

பேச்சு என்றதும் இன்னொன்று. அனிமேஷனில் பாத்திரம் பேசும்போது ஒலிக்கு ஏற்ப வாய் வடிவத்தை மாற்ற வேண்டும். ‘அம்மா’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: திறந்து, மூடி, மறுபடி திறக்கிறது. பகரமும் மகரமும் இரு உதடும் சேரப் பிறப்பவை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. வகரத்துக்குப் பல்லும் இதழும் சேர வேண்டும். வாயை இப்படி ஒலியிலிருந்து பழகுகிறவருக்கு அது ஆண் வாயா, பெண் வாயா என்ற குழப்பமே வராது. வீட்டில் அம்மாவும் பாட்டியும் போனில் பேசும்போது எதிரே உட்கார்ந்து வரையுங்கள், மகளே. வெற்றிலை போடும் பாட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த உதட்டுச் சிவப்பை மனசாரப் போடுங்கள். அது அவருடையது.

அடுத்த இதழில் வாசகர் கார்ட்டூனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பேருந்தில் மீதிச் சில்லறைக்காக நடத்துநரோடு மல்லுக்கட்டும் ஒரு பெண்ணை வரைந்து அனுப்புங்கள். வயது உங்கள் விருப்பம். வெள்ளைத் தாள், கறுப்பு மை மட்டும். தாளின் பின்பக்கம் பெயரும் ஊரும் எழுத மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்