சாய்விருக்கையும் மலையேற்றமும்

சாய்ந்திருந்து மிதிக்கும் துவிச்சக்கர வண்டி மலையேறாது என்பாருளர். அக்கூற்றை நாம் ஏற்கோம். 1933ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், சார்ள்ஸ் மொசே அமைத்த அத்தகைய வண்டியில் பிரான்சிஸ் போர் என்பார் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். மறுவருடமே அனைத்துலகச் சைக்கிள் ஒன்றியம் அவ்வண்டியைப் போட்டிகளினின்றும் விலக்கியது. பொறாமையோ, யாதோ!

அவ்வேகம் சமதளத்திற்குரியது. ஆங்கு முதுகு தாழ்ந்திருப்பின் காற்றின் தடை குறையும். செங்குத்தான ஏற்றத்திலோ வண்டி ஊர்ந்தே செல்லும். காற்றன்று, பாரமே பகை. அன்றியும், நூற்றுக்குப் பத்து ஏற்றமுள்ள வீதி வண்டியின் முன்புறத்தை ஏறக்குறைய 6 பாகை உயர்த்தும். 25 பாகையில் அமைத்த முதுகணை 19 பாகையாகிவிடும். ஓட்டுபவர் சாய்மனைக் கதிரையிற் கிடப்பார்போல் வானத்தையே நோக்குவர். இழந்த அந்த 6 பாகையை மீட்டல் வேண்டுமென்பதே எம் கருத்து.

ஆயின் அளவுமீறி நிமிர்த்தினால் தொடை வயிற்றை நெருக்கும், மூச்சு முட்டும். மிதியச்சின் உயரமோ பெரும்பாலும் மாற்றவியலாதது. ஆதலின் இரண்டிரண்டு பாகையாக நிமிர்த்தி, ஒவ்வொருமுறையும் ஏறிப்பார்த்து, மூச்சு இடங்கொடுக்கும் எல்லையில் நிறுத்துக. காலின் நீட்டத்தையும் அப்பொழுதே சரிபார்த்தல் நன்று. எழுந்துநின்று மிதிக்க இயலாத வண்டியாதலால் முன்புறத்துக்குச் சிறிய பற்சில்லொன்றும் வேண்டும். அதனைப் பூட்டாது இருக்கையை மட்டும் பழிப்பாரே பலர்.